டிரையருக்குள் பிறக்கும் ஷாக்

டொரண்டோவில் ஜனவரி மாதம் டிரையரைத் திறந்து பாலியஸ்டர் சுடிதாரை வெளியே இழுத்தால் சடசடவென்று சத்தம் கேட்கும். முதுகுப் பக்கம் நைலான் சாக்ஸ் ஒன்று அப்பிக்கொண்டு வரும். பிய்த்தெடுக்கப் போனால் விரல் நுனியில் சுரீர். மெஷினில் கரண்ட் கசிகிறதோ என்று பயப்பட வேண்டாம், இது துணியே உண்டாக்கிய நிலைமின்சாரம்.

டிரம் சுழலும்போது துணிகள் ஒன்றோடொன்று உரசுகின்றன. நைலான் எலக்ட்ரான்களை எளிதில் விட்டுவிடும், பாலியஸ்டர் பிடித்துக்கொள்ளும். எதிரெதிர் மின்னூட்டம் வந்துவிட்டால் இரண்டும் ஒட்டிக்கொள்ளாமல் என்ன செய்யும்?

துணிகள் சென்னையிலும்தான் உரசுகின்றன. ஆனால் அங்கே காற்றிலுள்ள ஈரம் துணிமேல் படிந்து மின்னூட்டத்தைத் தங்கவிடாமல் கடத்திவிடுகிறது. டொரண்டோ குளிர்காலத்தில் அதற்கு வழியில்லை. மைனஸ் 10 டிகிரியில் ஈரம் நிறைந்திருக்கும் காற்றைக்கூட வீட்டுக்குள் 20 டிகிரிக்குச் சூடாக்கினால் ஈரப்பதம் சுமார் 12 சதவீதத்துக்கு இறங்கிவிடும். துணிக்குத் துணியும் வித்தியாசம் உண்டு. சாதாரணக் காற்றில் பருத்தி தன் எடையில் 7, 8 சதவீதம் ஈரத்தை வைத்துக்கொள்ளும். பாலியஸ்டரில் அரை சதவீதம்கூட நிற்காது.

ஆக, உண்மையான குற்றவாளி அளவுக்கு மீறிக் காயவைப்பதுதான். பருத்தித் துண்டு காய ஒரு மணி நேரம் ஆகும் என்றால், கூடவே கிடக்கும் பாலியஸ்டர் வெகு முன்னதாகவே காய்ந்து, மீதி நேரமெல்லாம் சும்மா உரசிக்கொண்டிருக்கும். இரண்டையும் தனித்தனியாகப் போடுங்கள். செயற்கை இழைத் துணிகளை லேசான ஈரத்தோடே எடுத்துக் கொடியில் போட்டுவிடுங்கள். பாதித் தொல்லை அதிலேயே தீரும்.

கடைகளில் விற்கும் டிரையர் ஷீட்டும் பலன் தரும். கான்ராட் கெய்சர் என்ற அமெரிக்கர் 1969-இல் காப்புரிமை பெற்ற யோசனை இது. சூட்டில் இளகும் மென்மையூட்டி துணிமேல் மெல்லிய படலமாகப் படிந்து உரசலைக் குறைக்கும். துண்டுகளுக்கு மட்டும் வேண்டாம். அந்தப் படலம் ஏறினால் தண்ணீரைச் சரியாக உறிஞ்சாது. அலுமினியத் தாளை உருட்டிப் போடுங்கள் என்பவர்களும் உண்டு. எனக்கு அதில் பெரிய நம்பிக்கை இல்லை.

கிளம்பும் நேரத்தில் சிந்தெடிக் சேலை காலோடு ஒட்டினால்? கம்பி ஹேங்கரை உட்புறமாக ஒருமுறை தடவி இழுங்கள், அல்லது ஈரக்கையால் பாவாடையை நீவிவிடுங்கள். சாட்டின் பாவாடைக்குப் பதில் பருத்திப் பாவாடை கட்டினால் இதற்கும் வேலையிருக்காது.