பழைய டிராக்டரில் ஹெட்லைட் மங்குகிறதா? பல்பை மாற்றும் முன் ஒயரிங்கைப் பாருங்கள்

சேற்றுழவு நேரத்தில் பகல் மட்டும் போதாது. தண்ணீர் முறை ராத்திரியில் வந்தால் ராத்திரியில்தான் வயலை ஓட்டியாக வேண்டும். கரும்பு டிரெய்லரோடு ஆலைக்குப் போகிறவர்களுக்கு இரவுச் சாலையைத் தவிர வேறு வழியில்லை. அந்த நேரம் பார்த்து ஹெட்லைட் மங்கினாலோ, பள்ளத்தில் இறங்கும்போது அணைந்து அணைந்து எரிந்தாலோ, எதிரே வருகிறவருக்கு உங்கள் வண்டி வருவதே தெரியாது. ஒரு பக்கம் மட்டும் எரிந்தால் அதைவிட மோசம். இருசக்கர வாகனம் என்று நினைத்து ஓரம் ஒதுங்காமல் வந்துவிடுவார்.

பதினைந்து, இருபது வருடம் ஓடிய டிராக்டரில் விளக்கு சரியில்லை என்றால் முதலில் பல்பை மாற்றுகிறோம். இரண்டு நாள் கழித்துப் பழைய கதைதான். பழைய வண்டியில் பல்பைவிட எர்த், கனெக்டர், சுவிட்ச் ஆகிய மூன்றில்தான் கோளாறு அதிகம். ஒரு ஸ்குரூ டிரைவர், உப்புத்தாள், டெஸ்ட் லேம்ப் இருந்தால் முக்கால்வாசியை வீட்டு வாசலிலேயே கண்டுபிடித்துவிடலாம்.

டெஸ்ட் லேம்ப்பை நீங்களே செய்யலாம். இண்டிகேட்டரில் போடும் 12 வோல்ட், 21 வாட் பல்பு ஒன்றை ஹோல்டரோடு வாங்கி, ஆளுயர நீளத்தில் இரண்டு ஒயரை இணைத்து, ஒரு முனையில் கிளிப், மறு முனையில் ஊசி வைத்துக்கொள்ளுங்கள். மல்டிமீட்டர் இருந்தால் நல்லதுதான். ஆனால் பல்பைக் கழற்றி வைத்துவிட்டு மல்டிமீட்டரால் மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். ஒயரில் ஒரே ஒரு இழை மிச்சமிருந்தாலும் மீட்டர் 12 வோல்ட் காட்டும். 55 வாட் பல்புக்கு ஏறக்குறைய நாலரை ஆம்பியர் வேண்டும்; அந்த ஒற்றை இழை அதைத் தாங்காது. அதனால் எந்தச் சோதனையையும் விளக்கு எரிகிற நிலையில் செய்யுங்கள்.

எது எரிகிறது, எது எரியவில்லை என்பதே பாதி விடையைச் சொல்லிவிடும். விளக்கும் இல்லை, ஹாரனும் இல்லை என்றால் பேட்டரி முனையைப் பாருங்கள். பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்தால் சோடா உப்பு கலந்த வெந்நீர் விட்டுக் கழுவி, தேய்த்து, இறுக்கி, மேலே வாசலைன் தடவுங்கள். ஹாரன் அடிக்கிறது, ஆனால் இரண்டு ஹெட்லைட்டும் இல்லை என்றால் பியூஸ் அல்லது லைட் சுவிட்ச். டிம் எரிந்து பிரைட் எரியவில்லை என்றால் (அல்லது மாறி இருந்தால்) டிம்-பிரைட் சுவிட்ச். ஒரு பக்கம் மட்டும் இல்லை என்றால் அந்தப் பக்கத்து பல்பு, கனெக்டர், எர்த். இன்ஜின் வேகத்தைக் கூட்டினால் வெளிச்சம் கூடி, குறைத்தால் மங்குகிறது என்றால், டைனமோ உள்ள பழைய வண்டியில் அது ஓரளவு சகஜம்தான். ஐடிலில் ரொம்பவே மங்கினால் பேட்டரி வீக்காக இருக்கும். முழு சார்ஜில் உள்ள பேட்டரி, வண்டி ஓடாதபோது 12.6 வோல்ட் அளவு காட்ட வேண்டும், 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது.

இனி எர்த். இதை நிதானமாகப் பாருங்கள், ஏனென்றால் அதிகம் பேர் தவறவிடுவது இதைத்தான். பல்புக்குக் கரண்ட் போனால் மட்டும் போதாது, திரும்பி பேட்டரிக்கு வர வேண்டும். பழைய டிராக்டர் பலவற்றில் அது விளக்குக் கூட்டின் தகடு, பானட், அதன் கீல், போல்ட் என்று சுற்றி சேசிஸுக்கு வருகிறது. கேஜ் வீலில் அடித்த சேற்றுத் தண்ணீர் வருடக்கணக்கில் உட்கார்ந்து அந்த இடங்கள் துருப்பிடித்திருக்கும். பெயின்ட் அடித்த வண்டி என்றால், அழகுக்காக அடித்த பெயின்ட்டே எர்த்தை மறித்திருக்கும். பிரைட் போட்டால் ஒரு பக்கம் சரியாக எரிந்து, மறுபக்கம் பிரைட்டும் டிம்மும் சேர்ந்து மங்கலாக மினுக்குகிறது என்றால் சந்தேகமே வேண்டாம், மினுக்கும் பக்கத்தில் எர்த் அறுந்திருக்கிறது. திரும்ப வழியில்லாத கரண்ட் டிம் ஒயர் வழியாகப் புகுந்து அடுத்த விளக்கின் எர்த்தைத் தேடிப் போவதால் வரும் கூத்து அது.

சோதிப்பது எளிது. விளக்கைப் போட்டுவிட்டு, தனி ஒயர் ஒன்றின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவிலும் மறு முனையை விளக்கின் எர்த் முனையிலும் தொடுங்கள். வெளிச்சம் சட்டென்று ஏறினால் எர்த்தான் கோளாறு. மீட்டர் வைத்திருப்பவர்கள் அதே இரண்டு இடத்தில் வைத்துப் பார்க்கலாம். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் சரி செய்தே ஆக வேண்டும். பேட்டரி பாசிட்டிவுக்கும் பல்பின் லைன் முனைக்கும் இடையிலும் இதேபோல் பாருங்கள். அரை, ஒரு வோல்ட்தானே என்று விட்டுவிடாதீர்கள். பல்புக்குப் போகும் வோல்ட்டேஜ் பத்து சதவீதம் குறைந்தால் வெளிச்சம் ஏறக்குறைய முப்பது சதவீதம் போய்விடும். எர்த்துக்குத் தீர்வு, துருவைச் சுரண்டிவிட்டுப் பழைய போல்ட்டையே நம்புவதல்ல. ஒவ்வொரு விளக்கிலிருந்தும் தனி எர்த் ஒயர் இழுத்து, லக் வைத்து, சுத்தமாகத் தேய்த்த சேசிஸ் போல்ட்டில் இறுக்கிவிடுங்கள். இது ஒன்றிலேயே பல வண்டிகளுக்கு விடிவு வந்துவிடும்.

ஒரு விஷயம். மிகப் பழைய இங்கிலாந்து டிராக்டர்கள் சிலவற்றில் பாசிட்டிவ் பக்கம்தான் எர்த். பேட்டரியின் எந்த முனையிலிருந்து தடித்த கேபிள் சேசிஸுக்குப் போகிறது என்று பார்த்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள். ஸ்பானர் வைக்கும் முன் எர்த் பக்கத்து முனையை முதலில் கழற்றுங்கள், மாட்டும்போது அதைக் கடைசியில் மாட்டுங்கள். பேட்டரி பக்கத்தில் பீடி வேண்டாம்.

பியூஸ் அடிக்கடி போகிறதா? செம்புக் கம்பியோ சிகரெட் அட்டை வெள்ளித்தாளோ சுற்றி ஓட்டுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். டீசல் குழாயை ஒட்டியே ஒயர் போகிற வண்டியில், வைக்கோல் ஏற்றிக்கொண்டு, இதைச் செய்வது தீயை மடியில் கட்டிக்கொண்டு போவதுதான். ஷார்ட்டைக் கண்டுபிடிக்க, ஹெட்லைட் பல்புகளின் கனெக்டரைக் கழற்றிவிட்டு, பியூஸ் இருக்கும் இடத்தில் டெஸ்ட் லேம்ப்பை மாட்டுங்கள். சுவிட்சைப் போட்டதும் அது பளிச்சென்று எரிந்தால் எங்கோ ஒயர் உடம்பில் தொடுகிறது. ஒயர் கட்டை அங்கங்கே அசையுங்கள், ஒவ்வொரு கிளையாகக் கழற்றுங்கள். எதைக் கழற்றும்போது அணைகிறதோ அந்தக் கிளையில்தான் ஷார்ட். ஸ்டீயரிங் கம்பத்தை ஒட்டி வளையும் இடம், பானட் கீல், பின்னால் ப்ளோ லேம்ப்புக்குப் போகும் ஒயர் மட்கார்டில் உரசும் இடம் ஆகியவற்றை முதலில் பாருங்கள். டிரெய்லர் மாட்டினால் மட்டும் பியூஸ் போகிறது என்றால் டிராக்டரை விட்டுவிட்டு டிரெய்லர் ஒயரைத் தேடுங்கள். வைக்கோல் போர் பக்கத்தில் நிறுத்தும் வண்டியில் எலி கடித்ததா என்றும் பார்க்க வேண்டும்.

சுவிட்ச் தொட்டால் சுடுகிறது, அல்லது அழுத்திப் பிடித்தால்தான் விளக்கு நிற்கிறது என்றால் உள்ளே தேய்ந்துவிட்டது. இரண்டு விளக்கின் பத்து ஆம்பியர் பாரத்தை அந்தச் சின்னச் சுவிட்சே சுமப்பதுதான் காரணம். புதிதாக வாங்கி மாட்டுவதோடு ரிலே போட்டுவிடுவது நல்லது. பிரைட்டுக்கு ஒன்று, டிம்முக்கு ஒன்று. ரிலேவின் 30-ம் எண் முனைக்கு பேட்டரியிலிருந்து நேராக 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயர், பேட்டரி பக்கத்திலேயே 15 ஆம்பியர் பியூஸ். 87-ம் எண் முனையிலிருந்து விளக்குக்கு. சுவிட்சிலிருந்து வரும் பழைய ஒயர் 86-க்கு, 85 எர்த்துக்கு. அவ்வளவுதான். சுவிட்சுக்குப் பாரம் குறையும், விளக்குக்கு முழு வோல்ட்டேஜ் போகும்.

இதைச் செய்யாமல் 100 வாட் பல்பு வாங்கி மாட்டுகிறவர்களைப் பார்க்கிறேன். பழைய ஒயர் சூடாகி உருகும், டைனமோவும் தாங்காது. மண்டையில் கட்டும் எல்.இ.டி. பட்டை விளக்கு வயலுக்கு அருமையானதுதான், ஆனால் ரோட்டில் ஏறியதும் அணைத்துவிடுங்கள், எதிரே வருகிறவர் கண் கூசி வாய்க்காலில் இறங்கிவிடுவார்.

பல்பு புதிதாகப் போட்டும் வாரத்துக்கு ஒன்று போகிறது என்றால், இன்ஜினை நல்ல வேகத்தில் வைத்து பேட்டரி முனையில் அளந்து பாருங்கள். 13.8 முதல் 14.4 வோல்ட் வரை சரி. 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் கெட்டிருக்கிறது. டைனமோ, ரெகுலேட்டர் வேலையை மட்டும் ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் விட்டுவிடுங்கள். ஹாலஜன் பல்பின் கண்ணாடியை வெறும் விரலால் தொடாதீர்கள். எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டிய இடம் சூடேறிச் சீக்கிரம் போய்விடும்.

ஒயர் ஜாயின்ட்களை முறுக்கி டேப் சுற்றினால் ஒரு நடவு சீசன்கூட நிற்காது. லக் வைத்து அழுத்தி, சூட்டில் சுருங்கும் குழாய் போட்டு மூடுங்கள். எல்லாம் சரியாகியும் வெளிச்சம் போதவில்லை என்றால் கண்ணாடியைக் கழற்றி உள்ளே இருக்கும் ரிஃப்ளெக்டரைப் பாருங்கள். வெள்ளி பூச்சு கருத்து உரிந்திருந்தால் ஒயரிங்கில் என்ன செய்தாலும் பிரயோஜனமில்லை, விளக்கையே மாற்ற வேண்டியதுதான்.