கடலில் ஒதுங்கும் கட்டையை மீன் தொட்டியில் போடலாமா? வண்ண மீன் வளர்ப்போரே உஷார்!

புதுச்சேரி,

ஆற்றில் வெள்ளம் வந்தாலும் சரி, கடல் சீறினாலும் சரி, வீராம்பட்டினம் கரையில் மரக்கட்டைகள் வந்து ஒதுங்கும். வடக்கே அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரம், தெற்கே சுண்ணாம்பாறு. இரண்டுமே சங்கராபரணி ஆற்றின் கிளைகள்தான். 2024 நவம்பர் 30-ந்தேதி பெஞ்ஜல் புயல் கரையைக் கடந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் சுமார் 48 செ.மீ. மழை கொட்டியது. அது மாதிரி மழையில் விழுப்புரம் பக்கத்து வேரும் கிளையும் ஆற்றோடு கடலுக்கு வந்துவிடும்.

இந்த ஊருக்கும் தண்ணீரில் வந்த கட்டைக்கும் பழைய உறவு உண்டு. மீனவர் ஒருவர் வலையில் சிக்கிய கட்டையை வீட்டுக்குத் தூக்கி வந்தார், விறகுக்குப் பிளந்தபோது ரத்தம் பீறிட்டது என்பதுதான் செங்கழுநீர் அம்மன் கோவிலின் தல வரலாறு.

இப்போது கரையில் கிடக்கும் கட்டைக்கு வேறொரு கிராக்கி. வளைந்து நெளிந்து, உப்புக்காற்றில் வெளுத்து, பார்க்க அழகாக இருக்கும். கடையில் காசு கொடுத்து வாங்கும் சாமான் சும்மா கிடக்கிறதே என்று எடுத்துப் போய் வீட்டு மீன் தொட்டியில் போட்டு விடுகிறார்கள். 'கடல்ல ஊறுன கட்டைதானே, சுத்தமாத்தான் இருக்கும்' என்று நினைப்பு. அங்கேதான் வினை!

உப்பு எங்கே போகும்?

ஒரு லிட்டர் கடல் நீரில் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. மாதக்கணக்கில் ஊறிய கட்டையின் உள்ளே வரை அது இறங்கியிருக்கும். வெளியே கழுவினால் போகாது. நல்ல தண்ணீர்த் தொட்டியில் போட்டதும் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும். மோலி மீன் உப்பைத் தாங்கும். நியான் டெட்ரா போன்றவை பாவம், தாங்காது.

அடுத்தது ஓட்டை. கடலில் கிடக்கும் கட்டையைக் கப்பல் புழு குடைந்து விடும். செத்த புழு ஓட்டைக்குள் அழுகினால் தண்ணீரில் அமோனியா ஏறும். ஒட்டியிருக்கும் சிப்பி, கிளிஞ்சலைச் சுரண்டி எடுக்காவிட்டால் தண்ணீர் கடினமாகும்.

இதையெல்லாம் விட ஆபத்து, உடைந்த படகுப் பலகை. நீல பெயிண்ட் உரிந்து, பழைய காலத்துப் பொருள் மாதிரி ஜோராக இருக்கும். ஆனால் அதில் டீசலும் தாரும் ஏறியிருக்கும். பாசி பிடிக்காமல் இருக்க அடிக்கும் பெயிண்டில் செம்பு உண்டு. பூச்சி அரிக்காமல் இருக்க செம்பு, குரோமியம், ஆர்சனிக் கலந்த மருந்து ஏற்றிய மரமும் உண்டு. செம்பு கலந்தால் மீனுக்கு முன்னாடி நத்தையும் குட்டி இறாலும் சாகும். சக்கர் ஃபிஷ் கட்டையைச் சுரண்டித் தின்னும் ஜாதி. பெயிண்ட் நேராக அதன் வயிற்றுக்குத்தான். எத்தனை நாள் ஊற வைத்தாலும் படகுப் பலகை வேண்டவே வேண்டாம்.

பெயர் தெரியாத கட்டை

ஒதுங்கிய கட்டை என்ன மரம் என்று யாருக்குத் தெரியும்? கடலூர் மாவட்டம் பிச்சாவரம் அலையாத்திக் காட்டில் தில்லை மரம் இருக்கிறது. சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பெயர் வந்ததே இந்த மரத்தால்தான். அதன் பால் கண்ணில் பட்டால் பார்வை பாதிக்கும். மீனுக்கும் அது விஷம். அரளி, எருக்கு, கள்ளி எல்லாம் இதே கோஷ்டி. வேம்பு மனிதனுக்கு மருந்துதான், மீன் தொட்டிக்கு வேண்டாம். தைல மரம், பார்சல் பெட்டிப் பலகை, பசை வைத்து ஒட்டிய பிளைவுட் இவையும் ஆகாது.

அலையாத்தி வேர் அழகாக இருக்கிறதே என்று தேங்காய்த்திட்டு பக்கம் போய் வெட்டி வராதீர்கள். அது கரையைக் காக்கிற காடு.

அப்போ எதைத்தான் போடுவது?

காசு செலவில்லாத கட்டை வீட்டுக் கொல்லையிலேயே இருக்கிறது. கொய்யாக் கிளை! மருந்து அடிக்காத மரத்தில், தானாகக் காய்ந்த கிளையாகப் பார்த்து எடுங்கள். பச்சைக் கிளை என்றால் சாறு தண்ணீரில் இறங்கி அழுகும், சில மாதம் நிழலில் காய வேண்டும். நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழக்கூடாது. பட்டையை முழுசாக உரித்து விடுங்கள். கொய்யா கிடைக்காவிட்டால் சுத்தமான தேங்காய்ச் சிரட்டையைக் கவிழ்த்து வையுங்கள், மீன் ஒளிந்து விளையாட அது போதும்.

கட்டையைப் பழைய அண்டாவில் போட்டு ஒன்றிரண்டு மணி நேரம் கொதிக்க வையுங்கள். சமையல் பாத்திரமும் குக்கரும் வேண்டாம். சோப்பு, பிளீச்சிங் பவுடர் பக்கமே போகாதீர்கள், மரம் அதை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். பிறகு வாளித் தண்ணீரில் 2 வாரம் ஊறட்டும், தினமும் தண்ணீரை மாற்றுங்கள்.

பெயிண்ட் இல்லாத, ஓட்டை இல்லாத, என்ன மரம் என்று நிச்சயமாகத் தெரிந்த கடற்கரைக் கட்டை என்றால் இன்னும் பல வாரம் ஊற வேண்டும். ஆர்.ஓ. தண்ணீர் பார்க்கிற டி.டி.எஸ். மீட்டர் இருந்தால் வசதி. குழாய்த் தண்ணீரையும், கட்டை ஒரு வாரம் ஊறிய தண்ணீரையும் அளந்து பாருங்கள். இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாக வரும் வரை தொட்டியில் போடாதீர்கள்.

கட்டை மிதந்தால் தூண்டில் நரம்பால் கருங்கல்லில் கட்டி இறக்கலாம். தண்ணீர் டீ கலரில் மாறினால் பயப்பட வேண்டாம், மரத்தின் துவர்ப்புச் சாயம்தான். பைட்டர் மீனுக்கு அது பிடிக்கும், அதற்காகவே நாட்டு வாதாம் சருகு போடுகிறவர்கள் உண்டு. முதல் சில வாரம் கட்டை மேல் வெள்ளையாக வழவழவென்று படர்வதும் கெடுதல் இல்லை. பழைய பிரஷ்ஷால் தேய்த்தால் போய்விடும்.

ஆனால் கட்டை போட்ட பிறகு மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூச்சு வாங்கினாலோ, அழுகல் நாற்றம் அடித்தாலோ காலை வரை பார்க்கலாம் என்று படுத்து விடாதீர்கள். உடனே கட்டையை எடுங்கள். தொட்டித் தண்ணீரில் மூன்றில் ஒரு பங்கை இறைத்துவிட்டு, ஒரு நாள் திறந்து வைத்த தண்ணீரை ஊற்றி, மோட்டாரில் காற்று விடுங்கள்.