வயிற்றிற் கட்டியும் வீக்கமும்

காலில் முள் தைப்பின் அன்றே மருந்து தேடும் மக்கள், வயிற்றிற் கைக்குத் தட்டுப்படும் கட்டியொன்றைத் திங்கள் பலவாக மறைத்து வைத்தலை உலகிற் காண்கின்றோம். அச்சம் இதற்கு ஒரு காரணம். நாணம் மற்றொரு காரணம். தானே வடிந்துவிடும் என்னும் நம்பிக்கை பிறிதொன்று. யாம் மருத்துவம் பயின்றவரல்லேம். எனினும், அறிஞர் கூறியவற்றைத் தொகுத்து, காரணம் அறியப்படாத வயிற்றுக் கட்டி யாது, அதுபற்றி அறிவுரை நாடும் முறை யாது என்பவற்றை ஈண்டுச் சுருங்கக் கூறப் புகுகின்றோம்.

முதற்கண் அறியற்பாலது, கட்டியும் வீக்கமும் நோயின் பெயர்கள் அல்ல, நோயின் குறிகளே என்பதாம். வயிறு முழுதும் ஒருங்கே பருத்தல் வீக்கம். ஓரிடத்தே திரண்டு கைக்கு எதிர்ப்படுதல் கட்டி. வயிறு பருத்தற்குக் கொழுப்பு, நீர், காற்று, மலம், கரு, பெருங்கட்டி என்னும் ஆறனையும் மருத்துவ மாணவர் நினைவில் வைப்பர். இவற்றுள் நீர் கோத்தலை நம் முன்னோர் மகோதரம் என வழங்கினர். அந்நீர்க்கும் மூலம் ஒன்றன்று. மதுவாலோ பிறவாற்றாலோ கல்லீரல் கெடுதல், இதயம் தளர்தல், சிறுநீரகம் பழுதுறுதல், வயிற்றகத்துக் காசநோய், புற்றுநோய் எனப் பலவாம்.

இனி, கட்டியைப்பற்றி ஆராயுங்கால் அஃது இருக்கும் இடமே முதற் சான்றாகும். வலப்புற விலாவின்கீழ்க் கல்லீரலும் பித்தப்பையும் உள. இடப்புற விலாவின்கீழ் மண்ணீரல் உளது. மலேரியாக் காய்ச்சல் பன்முறை வந்தோர்க்கு இது பருத்தல் உண்டு. அடிவயிற்றிற் சிறுநீர்ப்பையும், மகளிர்க்குக் கருப்பையும் சூலகங்களும் அமைந்துள்ளன. தொப்புளிலோ கவட்டிலோ இருமுங்காற் புடைத்துப் படுக்குங்கால் உள்ளடங்குவது பெரும்பாலும் குடலிறக்கமாம். தோலின்கீழ் மெத்தென்று விரலுக்கு நழுவுவது பெரும்பாலும் தீங்கற்ற கொழுப்புக் கட்டியாம். முதியோர்க்குத் தொப்புளின் மேற்பால் நாடியோடு ஒத்துத் துடிக்கும் கட்டி, பெருந்தமனி விரிந்ததன் குறியாகலாம். அது வெடிப்பின் உயிர்க்கு இறுதி பயக்கும்.

இவ்வாறு இடமும் தன்மையும் ஓரளவு குறிகாட்டுமாயினும், புறத்தோற்றம் கற்றாரையும் மயக்கவல்லது. இதற்குச் சான்றாவன வரலாற்றில் நிகழ்ந்த இரண்டு நிகழ்ச்சிகள்.

முதலாவது அமெரிக்க நாட்டில் நிகழ்ந்தது. 1809ஆம் ஆண்டில் கெண்டக்கி மாநிலத்து ஜேன் டாட் கிராஃபோர்டு என்னும் மாதின் வயிறு மிகப் பருத்திருந்தது. இரட்டைக் குழந்தைகள் என்றும், பேறுகாலம் கடந்துவிட்டது என்றும் ஆங்குள்ள மருத்துவர் கருதினர். எஃப்ரெய்ம் மக்டவல் என்னும் மருத்துவர் வந்து ஆராய்ந்து, அது கருவன்று, சூலகக் கட்டி எனத் தெளிந்தார். தெளிந்ததனோடு அமையாது, இத்தகைய கட்டியை அறுத்தெடுத்துப் பிழைத்தவரைத் தாம் அறியாமையையும் அவ்வம்மையார்க்கு ஒளியாது உரைத்தார். அம்மையார் உண்மையைக் கேட்டு, தாமே துணிந்து, ஏறக்குறைய 60 மைல் குதிரைமீது சென்று டான்வில் நகரை அடைந்தார். மயக்க மருந்து வழக்கிற்கு வாராத காலம் அது. திருப்பாடல்களைச் சொல்லிக்கொண்டே அவர் அறுவையைப் பொறுத்தார் என்ப. ஏறக்குறைய 22½ ராத்தல் எடையுள்ள கட்டி அகற்றப்பட்டது. ஐந்தாம் நாள் மருத்துவர் வந்து நோக்கியபொழுது அவர் தம் படுக்கையைத் தாமே விரித்துக்கொண்டிருந்தார்! அதன்பின் 1842ஆம் ஆண்டுவரை உயிர்வாழ்ந்தார்.

இரண்டாவது ஸ்காத்லாந்து நாட்டுக் கிளாஸ்கோ நகரில் நிகழ்ந்தது. ஆங்கு ஐயன் டொனால்டு என்னும் மகப்பேற்று மருத்துவப் பேராசிரியர், இரும்பிலுள்ள விரிசலைக் காணத் தொழிற்சாலையிற் பயன்படுத்திய ஒலிக்கருவியால் உடலினகத்தும் நோக்க இயலுமோ என ஆராய்ந்தார். 1955ஆம் ஆண்டில், அறுத்தெடுத்த கட்டிகளைக் கொதிகலத் தொழிற்சாலை ஒன்றற்கு எடுத்துச் சென்று சோதித்தார். பின்னர் வயிறு பருத்த மாது ஒருவர் அவரிடம் வந்தார். இரைப்பைப் புற்றுநோயால் நீர் கோத்தது, இனிச் செய்வது யாதுமில்லை என்று அவர் கைவிடப்பட்டிருந்தார். ஒலிக்கருவியோ, பரந்த நீரைக் காட்டாது, ஒரு பைக்குள் அடங்கிய நீரைக் காட்டிற்று. அறுத்து நோக்கியபொழுது அது சூலகத்து நீர்க்கட்டியே எனத் தெரிந்தது, அம்மையார் உயிர்பிழைத்தார். வயிற்றுக் கட்டிகளைப்பற்றி டொனால்டும் அவர்தம் துணைவரும் எழுதிய கட்டுரை 1958இல் 'லான்செட்' இதழில் வெளிவந்தது. இன்று ஸ்கேன் என்று நாம் வழங்கும் மீயொலிச் சோதனை வயிற்று நோய்களை ஆராயப் பரவுதற்கு அதுவே வழிகோலிற்று.

முன்னவர் கருவுற்றார் எனப்பட்டார். பின்னவர் சாகின்றார் எனப்பட்டார். இருவர் கூற்றும் பொய்த்தன. இருவர்க்கும் இருந்தது சூலகக் கட்டியே. ஆதலின், கண்ணாற் கண்ட அளவில் 'இஃது ஒன்றுமில்லை' என்று மடிந்திருத்தலும், 'இது புற்றுநோயே' என்று மனமுடைதலும் ஒருங்கே தவறாம். சோதித்தறிதலே நெறி.

திருவள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தில் மருத்துவத்தின் கூறுகளை எண்ணுங்கால், நோயுற்றவனையே முதற்கண் வைத்தார். அவன் கடமை உண்மையை உள்ளவாறு உரைத்தலாம். கட்டி எப்பொழுது தோன்றிற்று? வளர்கின்றதா? நோவு உண்டா? பசியும் உடலெடையும் குறைந்தனவா? மலம், சிறுநீர், மகளிர்க்கு மாதவிடாய் ஆகியவற்றில் மாறுதல் உண்டா? உண்ட மருந்துகள் யாவை? மதுப்பழக்கம் உண்டா? இவற்றை ஒரு தாளிற் குறித்துச் செல்லுதல் நன்று. மருத்துவரிடமும், 'ஐயுறுவது யாது? செய்யற்பால சோதனை யாது? மீண்டும் வருவது எப்பொழுது?' எனத் தயங்காது வினாவுதல் வேண்டும்.

வலியில்லாத கட்டி தீங்கற்றது என்பது பிழைபட்ட எண்ணம். வலியின்றி வளரும் கட்டியையும், உடல் மெலிவோடு வரும் வீக்கத்தையும், கண் மஞ்சளித்தலையும் நாள்கடத்தாது காட்டுதல் வேண்டும். பொறுக்கலாற்றாத திடீர் வலி, ஓயாத வாந்தி, மலமும் காற்றும் அடைபடுதல், இரத்த வாந்தி, கருநிற மலம், மயக்கம், உள்ளடங்காது நோகும் குடலிறக்கம் என்னும் இவற்றுள் ஒன்று தோன்றினும் அப்பொழுதே மருத்துவமனைக்குச் செல்லுதல் கடன். கட்டியைப் பிசைந்து நீவுதலும், சூடு போடுதலும், பேதி மருந்து உண்ணுதலும் கேடு பயப்பன.

நண்பர்காள்! வீட்டிலோ விடுதியிலோ ஒருவர் நம்மை நம்பி இத்தகைய துன்பத்தைக் கூறின், நோய்க்குப் பெயரிடுதல் நம் தொழிலன்று. நம் தாய்மாரும் பாட்டிமாரும் நாணத்தாலும் செலவிற்கு அஞ்சியும் சொல்லாதிருப்பர். அவரை நாமே பரிவுடன் வினாவுதல் வேண்டும். வினாவியபின், "வாருங்கள், இன்றே சென்று காட்டுவோம்" என்று உடன் செல்லுதலே அவர்க்கு நாம் செய்யத்தக்க உதவியாம்.