மலையைக் குடைந்து வந்த தண்ணீர்

மதுரைக்கு வடகிழக்கே உள்ள ஊர் மேலூர். ஒரு காலத்தில் இந்தச் சீமைக்கு வானம் ஒன்றுதான் துணை. மழை பெய்தால் கண்மாய் நிறையும். பொய்த்தால் கஞ்சிக்கும் வழியில்லை. 1876-ல் தொடங்கிய தாது வருஷப் பஞ்சம் மதுரைச் சீமையையே வாட்டியது.

மேற்கு மலையிலோ பெரியாறு பெருகி ஓடி, அரபிக் கடலில் கலந்தது! அதை மறித்து அணை கட்டினார் பென்னிகுக் என்ற வெள்ளைக்கார இஞ்சினீயர். மலையைக் குடைந்து, தண்ணீரைக் கிழக்கே திருப்பினார்கள். காட்டுக் காய்ச்சலில் கூலியாட்கள் பலர் மாண்டனர்.

1895-ல் அணை திறக்கப்பட்டது. வைகையில் கலந்த தண்ணீர், பேரணையில் பிரிந்து, கால்வாய் வழியே மேலூருக்கு வந்தது. புஞ்சைகள் நஞ்சைகளாயின.

இன்றும் கால்வாய் திறக்கும் நாளைத்தான் உழவர்கள் எதிர்பார்க்கிறார்கள். பென்னிகுக் பெயரை ஊரே அறியும். மாண்ட கூலியாட்களின் பெயரை யார் அறிவார்? விளையும் நெல்லில் அவர்கள் உழைப்பும் இருக்கிறதல்லவா?