பள்ளிக்கூடம் பத்திரமா? – 6: வேடிக்கை பார்க்கும் வகுப்பு

சென்ற வாரம் ஆசிரியரின் பிரம்பைப் பற்றிப் பேசினோம். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், அதன் 17ஆவது பிரிவில், பிள்ளைகளை அடிப்பதையும் மனம் நோகப் பேசுவதையும் தடைசெய்கிறது. ஆனால் பெரியவர்கள் கையைக் கட்டிக்கொண்ட பிறகும், மூன்றாம் வகுப்புப் பிள்ளை திங்கட்கிழமை காலையில் வயிற்றுவலி என்று சுருண்டு படுக்கக் காரணங்கள் மிச்சம் இருக்கின்றன. பட்டப்பெயர் வைப்பது, டிபன் பாக்ஸை ஒளித்துவைப்பது, ஆட்டத்தில் சேர்த்துக்கொள்ளாதது, வகுப்பே சேர்ந்து 'டூ' விடுவது. புகார் வந்தால் பெரும்பாலான பள்ளிகளில் ஒரே வைத்தியம்தான். இரண்டு பேரையும் மேசை முன்னால் நிறுத்தி, 'ஸாரி சொல்லு, கை குடு' என்று அனுப்பிவிடுவார்கள். விவகாரம் இரண்டு பிள்ளைகளுக்கு இடையில் நடந்தது என்ற கணக்கில் செய்யப்படும் வைத்தியம் இது. அந்தக் கணக்கே தப்பு என்பது என் வாதம். சுற்றி நின்ற முப்பது பேரை அது விசாரணைக்கே கூப்பிடுவதில்லை.

கனடாவின் டொராண்டோ நகரத் தொடக்கப் பள்ளிகளில் டெப்ரா பெப்லர், வெண்டி கிரெய்க் என்ற உளவியலாளர்களின் குழு பிள்ளைகளின் சட்டையில் சிறு மைக்கைப் பொருத்தி, தூரத்திலிருந்து வீடியோ எடுத்து, விளையாட்டு மைதானத்தில் உண்மையில் என்ன நடக்கிறது என்று பார்த்தது. 2001இல் வெளியான அவர்களின் கட்டுரைப்படி, சீண்டல் நடந்த தருணங்களில் 88 சதவீதத்தில் மற்ற பிள்ளைகள் அருகில் இருந்தார்கள். யாராவது குறுக்கிட்டது ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. ஆனால் குறுக்கிட்டபோதெல்லாம் நடந்ததைக் கவனியுங்கள்: பாதிக்கு மேற்பட்ட தடவைகளில், 10 விநாடிகளுக்குள் சீண்டல் நின்றுவிட்டது. ஆசிரியர் படியிறங்கி வருவதற்குள் இன்னொரு பிள்ளை காரியத்தை முடித்துவிடுகிறது. மறைவில் நடக்கும் குற்றமாக இதை நாம் கற்பனை செய்துகொள்கிறோம். உண்மையில் இதற்குப் பார்வையாளர்கள் வேண்டும்.

ஏன் வேண்டும் என்பதை ஃபின்லாந்தின் துர்க்கு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிறிஸ்டினா சால்மிவாலியின் ஆய்வுகள் விளக்குகின்றன. 1996இல் அவரும் சக ஆய்வாளர்களும் ஒரு வகுப்பில் யார் யார் என்ன செய்கிறார்கள் என்று பிரித்துக் காட்டினார்கள். தொல்லை கொடுப்பவர், அவருக்குக் கைகொடுப்பவர், சிரித்து உசுப்பேற்றுபவர், ஒதுங்கிப்போகிறவர், பாதிக்கப்பட்டவருக்காக வாய் திறப்பவர் என்று ஏறக்குறைய எல்லோருக்கும் அதில் ஒரு வேஷம் இருந்தது. அடிக்கிற பிள்ளைக்குக் கிடைக்கும் கூலி அந்தச் சிரிப்புதான். அதுதான் அவனை வகுப்பில் பெரிய ஆளாக்குகிறது. இதே வழியில் தொடர்ந்த ஆய்வுகளில் எனக்கு முக்கியமாகப் படுவது ஒன்று. கூச்ச சுபாவமுள்ள பிள்ளை எல்லா வகுப்பிலும் ஒரே அளவுக்கு அகப்பட்டுக்கொள்வதில்லை. உசுப்பேற்றுபவர்கள் மிகுந்த வகுப்பில் அது கூடுகிறது. பரிந்து பேசுபவர்கள் மிகுந்த வகுப்பில் குறைகிறது. 'உங்க பொண்ணு ரொம்ப சென்சிடிவ்' என்று தாயிடம் சொல்லும் ஆசிரியர்கள் இதை ஒருமுறை யோசிக்க வேண்டும். மாற வேண்டியது அந்தப் பெண்ணின் சுபாவம்தானா?

ஃபின்லாந்து அரசு 2006இல் பணம் கொடுத்து, சால்மிவாலியின் குழுவைக் கொண்டு 'கீவா' என்ற திட்டத்தை உருவாக்கியது. அதில் இரண்டு வேலைகள். வகுப்பு முழுவதற்கும் பாடங்களும் உரையாடலும் உண்டு. புகார் வந்தால் பள்ளியிலேயே பயிற்சி பெற்ற பெரியவர்கள் குழு தனியாகக் கையாளும். அதோடு வகுப்பில் மதிப்புள்ள சில பிள்ளைகளைக் கூப்பிட்டு, பாதிக்கப்பட்ட பிள்ளைக்குத் துணையாக இருக்கச் சொல்லும். நான்கு முதல் ஆறாம் வகுப்பு வரை படிக்கும் 8,000க்கும் மேற்பட்ட பிள்ளைகளிடம், திட்டம் உள்ள பள்ளிகளையும் இல்லாத பள்ளிகளையும் ஒப்பிட்டுச் சோதித்தபோது, தொல்லைக்கு ஆளாவது தெளிவாகக் குறைந்திருந்தது. நாடு முழுவதும் பரப்பியபோது பலன் அவ்வளவு பெரிதாக இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். இன்னொரு சங்கடமும் உண்டு. தொல்லை குறைந்த வகுப்பில், அப்போதும் தப்பாமல் மாட்டிக்கொள்ளும் ஓரிருவர் முன்பைவிட அதிகமாக மனம் உடைகிறார்கள் என்று பின்னர் வந்த ஆய்வுகள் காட்டின. எல்லோருக்கும் சரியாகிவிட்டது, எனக்கு மட்டும் ஏன் என்ற கேள்வி அவர்களைத் தின்கிறது. ஆகவே சராசரி இறங்கியதும் கைதட்டிவிட்டுப் போய்விட முடியாது.

'நாங்களும் இதெல்லாம் பட்டுத்தானே வளர்ந்தோம், கெட்டா போயிட்டோம்?' என்பது நம் வீடுகளில் முதலில் வரும் மறுப்பு. பிரிட்டனில் 1958இல் ஒரே வாரத்தில் பிறந்த பிள்ளைகளை அவர்களின் ஐம்பது வயதுவரை பின்தொடர்ந்த ஆய்வு ஒன்று உண்டு. ஏழிலும் பதினொன்றிலும் அடிக்கடி தொல்லைக்கு ஆளானவர்களிடம் நடுவயதில் மனச்சோர்வும் பதற்றமும் மற்றவர்களைவிட அதிகமாக இருந்தன; உடல்நலமும் மோசம். 2014இல் வெளியான இந்த முடிவு, குடும்ப வசதி, படிப்புத் திறன் போன்றவற்றைக் கணக்கில் எடுத்த பிறகு கிடைத்தது. பட்டு வளர்ந்து தேறியவர்கள் பேசுகிறார்கள்; தேறாதவர்கள் இந்தப் பேச்சில் கலந்துகொள்வதில்லை.

இரண்டாவது மறுப்பு எனக்கும் கனமாகத்தான் படுகிறது. எட்டு வயதுப் பிள்ளையின் தலையில் போலீஸ் வேலையைக் கட்டுவதா? தட்டிக் கேட்டால் அடுத்த அடி அதற்குத்தானே? உண்மை. ஆனால் இங்கே கேட்கப்படுவது சண்டை பிடிப்பதல்ல. சிரிக்காமல் இருப்பது, தனியாகச் சாப்பிடும் பிள்ளையின் பக்கத்தில் போய் உட்கார்வது, பெரியவரிடம் போய்ச் சொல்வது. கடைசியாகச் சொன்னதை நாமே 'போட்டுக்கொடுப்பது' என்று இழிவாக்கி வைத்திருக்கிறோம். ஆசிரியர் இல்லாத நேரத்தில் பேசுபவர்களின் பெயரைக் கரும்பலகையில் எழுத ஒரு லீடரை நியமிக்கிறோம்; அந்தக் காட்டிக்கொடுத்தலுக்குக் கௌரவம். அழுகிற பிள்ளைக்காக ஒருவன் வந்து சொன்னால், 'உன் வேலையைப் பார்' என்கிறோம்.

இதெல்லாம் ஃபின்லாந்துக்குச் சரி, சாதி பார்க்கும் ஊரில் எடுபடுமா என்பார்கள். இங்கே பார்வையாளர்கள் வகுப்புக்கு வெளியிலும் இருக்கிறார்கள் என்பதை ஒப்புக்கொள்கிறேன். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பள்ளி மாணவன் ஒருவன் உடன்படிப்பவர்களால் வீடு புகுந்து வெட்டப்பட்ட பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் தந்த அறிக்கையில், சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளுக்குத் தடை, பள்ளிப் பெயர்களிலிருந்து சாதியை நீக்குவது, அகர வரிசைப்படி உட்காரவைப்பது ஆகியவற்றைப் பரிந்துரைத்தது. நாங்குநேரி சம்பவத்துக்கு அடுத்த மாதமே, கரூர் மாவட்டத்தில் ஒரு தொடக்கப் பள்ளியில், பட்டியல் சாதிப் பெண் சமைத்த காலை உணவைச் சாப்பிட வேண்டாம் என்று பெற்றோர் சிலர் பிள்ளைகளைத் தடுத்தார்கள். மாவட்ட ஆட்சியர் நேரில் போய் அந்த உணவைச் சாப்பிட்டார். மதிப்புள்ள ஒருவர் ஒதுக்கப்பட்டவர் பக்கத்தில் எல்லோரும் பார்க்க நிற்பதுதான் அது. கீவாவும் பிள்ளைகளிடம் அதைத்தான் கேட்கிறது. ஆட்சியர் தினமும் வரமாட்டார். தினமும் வருகிறவர் ஆசிரியர். ஒரு பட்டப்பெயருக்கு அவர் உதட்டோரம் சிரித்துவிட்டால், சட்டமும் அறிக்கையும் அந்த வகுப்பில் செல்லாது.

கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு உறுப்பினர்கள் பெற்றோர். அடுத்த கூட்டத்தில் கழிப்பறைக்கும் சுற்றுச்சுவருக்கும் அடுத்தபடியாக இதையும் எழுப்புங்கள்: சென்ற மாதம் வந்த கேலிப் புகார்களில், சுற்றி நின்ற பிள்ளைகளிடம் பள்ளி என்ன பேசியது? தலைமையாசிரியரிடம் பதில் இல்லையென்றால், கேள்வியைக் கூட்டக் குறிப்பேட்டில் எழுதச் சொல்லுங்கள்.

(தொடரும்)