குனோங் பூலாய்: கீழே வெயில், மேலே மழை!

தைப்பூசக் காவடிகள் இறங்கி, பருவமழையும் ஓய்ந்த பிறகு ஜோகூரில் சில வாரங்களுக்கு நல்ல வெயில் அடிக்கும். நமக்கு வசந்த காலம் என்று தனியாக ஒன்று இல்லை. ஆனாலும் பிப்ரவரி, மார்ச் மாத ஞாயிறு காலைகளில் தண்ணீர் போத்தலோடு மலையேறக் கிளம்பும் குடும்பங்களைப் பார்த்தால், இதுதான் நம் வசந்தமோ என்று தோன்றும்.

குளுவாங்கில் இருப்பவர்களுக்கு 510 மீட்டர் உயர குனோங் லம்பாக். கூலாய், செனாய், பொந்தியான் வட்டாரத்தினருக்கு 654 மீட்டர் உயர குனோங் பூலாய். 1,276 மீட்டர் உயர குனோங் லேடாங்கோடு ஒப்பிட்டால் இரண்டுமே சிறிய மலைகள்தான். மலை சிறியது என்பதால் ஆபத்தும் சிறியது என்று எண்ணிவிடக் கூடாது. குனோங் பூலாயின் கதையே அதற்குச் சாட்சி.

ஏரியின் கதை

பூலாய் என்பது மலாயில் ஒரு மரத்தின் பெயர். தமிழில் அதற்கு ஏழிலைப்பாலை என்று பெயர். ஒரே கணுவில் சுமார் ஏழு இலைகள் வட்டமாக விரிந்திருக்கும் மரம் அது.

இம்மலையின் அடியில் தெரியும் ஏரிகள் இயற்கையாக உண்டானவை அல்ல. குடிநீருக்காகக் கட்டப்பட்ட நீர்த்தேக்கங்கள். 1927-ஆம் ஆண்டு சுல்தான் இப்ராஹிமுக்கும் சிங்கப்பூர் நகராண்மைக்கும் ஏற்பட்ட ஒப்பந்தத்தின்படி, இந்த மலையின் நீர் பாலத்தைக் கடந்து சிங்கப்பூருக்குக் குழாயில் சென்றது. 1942 ஜனவரி 31 அன்று பின்வாங்கிய பிரிட்டிஷ் படைகள் ஜோகூர் பாலத்தைத் தகர்த்தபோது அந்தக் குழாயும் அறுந்தது. பிறகு 1961-இல் கையெழுத்தான ஒப்பந்தம் 2011 ஆகஸ்டு 31-இல் முடிவடைய, இங்குள்ள நீர் நிலையங்கள் ஜோகூர் மாநிலத்தின் கைக்கு வந்தன.

ஆகவே, இங்குள்ள காடு வெறும் அழகுக்காக இல்லை. மழைநீரைப் பிடித்து வைத்து, மெல்ல மெல்ல ஏரிக்கு விடுவது அதுதான்.

2001 டிசம்பரில் நடந்தது

சூறாவளி சுழல்வதற்குப் பூமியின் சுழற்சி துணை செய்ய வேண்டும். நிலநடுக்கோட்டின் அருகே அந்த விசை மிகவும் பலவீனம். அதனால் நம் பக்கம் சூறாவளி வராது என்றே பலரும் நம்பியிருந்தார்கள். 2001 டிசம்பர் 27 அன்று ‘வாமெய்’ என்ற சூறாவளி, நிலநடுக்கோட்டிலிருந்து ஏறக்குறைய ஒன்றரை பாகை தொலைவிலேயே ஜோகூரின் தென்கிழக்கில் கரை கடந்தது. அது கொட்டிய மழையில் குனோங் பூலாய்ச் சரிவு கரைந்து, மண்ணும் பாறையும் மரங்களும் சேர்ந்த சேற்று வெள்ளமாக இறங்கியது. அடிவாரத்தில் ஐந்து பேர் உயிரிழந்தார்கள்.

அது எப்படி நிகழ்கிறது?

செங்குத்தான சரிவில் மண் நீரைக் குடித்துக் குடித்து ஒரு கட்டத்தில் பிடிமானம் இழக்கிறது. சரிந்த மண்ணும் மரக்கட்டைகளும் குறுகிய ஓடையை அடைத்து, சிறிய அணைபோல் நீரைத் தேக்குகின்றன. அது உடையும்போது தேங்கியது எல்லாம் ஒரே நேரத்தில் கீழே பாய்கிறது.

சூறாவளி இல்லாமலும், இதன் சிறிய வடிவத்தை அருவிகளில் காணலாம். மலாயில் ‘கெப்பாலா ஆயேர்’ என்று சொல்லப்படும் திடீர் நீர்ப்பெருக்கு அதுவே. மழை உச்சியில் பெய்யும்; கீழே குளிப்பவரின் தலைக்கு மேல் வெயில் அடித்துக்கொண்டிருக்கும். ஆபத்து இருப்பதே அங்குதான்.

கவனிக்க வேண்டியவை

தெளிந்த நீர் சட்டென்று கலங்கினால், இலை, சுள்ளிகள் மிதந்து வந்தால், மேலிருந்து இரைச்சல் கேட்டால் உடனே மேட்டுக்கு ஏறிவிடுங்கள். செருப்பு, பை, கைப்பேசி எதையும் எடுக்கத் திரும்ப வேண்டாம். பிள்ளைகளை முதலில் கரையேற்றுங்கள். நீர் ஏறிய ஓடையைக் கடந்து வீடு திரும்ப முயல்வதைவிட, அது வடியும் வரை காத்திருப்பதே பாதுகாப்பு.

அதிகாலையில் ஏறி நண்பகலுக்குள் இறங்குவது நல்லது. நம் நாட்டில் வெப்பத்தால் திரளும் இடிமழை பெரும்பாலும் பிற்பகலில்தான் பெய்யும். ஏப்ரல், மே மாதங்களில் இது இன்னும் அதிகம். முதல் இரண்டு நாள்கள் கனமழை பெய்திருந்தால், அன்று வெயில் அடித்தாலும் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். மண் காய்வதற்கு நாளாகும்.

நிரந்தர வனக்காப்பு நிலத்தில் நுழைய 1984-ஆம் ஆண்டு தேசிய வனச் சட்டப்படி அனுமதி தேவை. கிளம்பும் முன் ஜோகூர் வனத்துறையிடம் பாதை திறந்திருக்கிறதா, வழிகாட்டி வேண்டுமா என்று விசாரித்துக்கொள்ளுங்கள். எந்தப் பாதையில் போகிறீர்கள், எத்தனை மணிக்கு இறங்குவீர்கள் என்பதை வீட்டில் ஒருவரிடமாவது சொல்லுங்கள். அவசரத்திற்கு எண் 999.

உச்சியில் அடிவாரத்தைவிட மூன்று, நான்கு பாகை குளிர்ச்சி இருக்கும். அந்தக் காற்றுக்காகவே எத்தனை முறை வேண்டுமானாலும் ஏறலாம். ஏறும்போது தலைக்கு மேல் இருக்கும் வெயிலை மட்டும் பார்க்காமல், உச்சியில் திரளும் மேகத்தையும் ஒரு கண் பார்த்துக்கொள்வோம்.