சாலை உருளையை ஏற்றுதல்

சல்லியும் தாரும் பரப்பிய பாதையை அழுத்திச் சமன்செய்யும் பொறி சாலை உருளை. மெல்ல ஊர்ந்து செல்வது அதன் இயல்பு. ஆதலின் ஓரூரில் வேலை முடிந்ததும் அது தானே உருண்டு தொலைவிலுள்ள மற்றோர் ஊருக்குச் செல்வதில்லை. லாரியில் ஏறிச் செல்கிறது. சிறிய உருளையும் ஏறத்தாழ 3 டன், அதாவது 3,000 கிலோகிராம் எடையுடையதாக இருக்கக்கூடும். தரையில் நிற்கும்போது நிலம் அதனைத் தாங்குகிறது. லாரியில் நிற்கும்போது தளம் தாங்குகிறது. இவ்விரண்டிற்கும் இடையே, சாய்பலகையின்மேல் அது ஏறும் சில மணித்துளிகளில்தான் உயிருக்கு இடர் மிகுதி.

லாரியின் தளம் தரையினின்று 1 மீட்டர் உயரத்தில் உள்ளது என்று கொள்க. சாய்பலகையின் நீளம் 4 மீட்டராயின், உருளையைக் கீழ்நோக்கி இழுக்கும் விசை அதன் எடையில் நாலில் ஒரு பங்கு. அஃதாவது 750 கிலோகிராம் எடைக்கு ஒப்பானது. பலகை 2 மீட்டராகக் குறுகினால் அவ்விழுப்பு 1,500 கிலோகிராமாக உயர்ந்துவிடும். அருகில் கிடந்த குட்டைப் பலகையே போதும் என்று சாத்துவோர் இக்கணக்கை எண்ணிப் பார்ப்பதில்லை.

சறுக்கும் உருளையைத் தோள்கொடுத்துத் தடுத்துவிடலாம் என நம்பிப் பின்புறம் நிற்பவரும் உளர். வயது வந்த ஆண் தொழிலாளி ஒருவர் சுமக்கும் எடை 55 கிலோகிராமுக்கு மேற்படலாகாது என்று பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1967 ஆம் ஆண்டில் பரிந்துரைத்தது. அத்தகைய தோள்கள் நான்கைந்து சேர்ந்தாலும் 750 கிலோகிராமின் முன் என் செய்யும்? பாரம் ஏறும் வழிக்கு நேர் பின்னே எவரும் நிற்றலாகாது.

உருளையின் சக்கரம் வழுவழுப்பான எஃகு; சாய்பலகையும் பெரும்பாலும் இரும்பு. இரும்பின்மேல் இரும்பு எளிதில் வழுக்கும். மழைநீரோ எண்ணெயோ சேறோ படிந்திருந்தால் கேட்க வேண்டுவதில்லை. ரப்பர்ச் சக்கரமுடைய டிராக்டர் ஏறிய அதே பலகையில் உருளை சறுக்கி வீழ்வது இதனாலேயே. ஆதலின் சக்கரத்திலும் பலகையிலும் உள்ள அழுக்கைச் சுரண்டி நீக்கி, பலகையின்மேல் மரக்கட்டைகளை அசையாதவாறு பொருத்துவர். மரம் இரும்பை நன்கு பற்றும்.

லாரியை இறுகிய சமதரையில் நிறுத்திச் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் ஆப்புக்கட்டைகள் இடவேண்டும். அது மட்டும் போதாது. கிணற்றில் ஏற்றம் இறைத்த காலத்தில், மரத்தின்மேல் ஆள் ஒரு முனை நோக்கி நடக்க, அம்முனை தாழ்ந்து மறுமுனை எழும். லாரியின் வாலில் உருளை ஏறும்போதும் அதுவே நிகழ்கிறது. பின்சக்கரங்கள் தாங்குபுள்ளியாக அமைய, வாற்புறம் தாழ்கிறது. முன்சக்கரங்கள் தரையைவிட்டு எழவும் கூடும். வாற்பகுதியின் அடியில் தடித்த கட்டைகளை முட்டுக்கொடுத்தால் இவ்வாறு நேராது.

உருளையைப் பலகைக்கு நேராக நிறுத்திய பின்னரே ஏற்றத் தொடங்கவேண்டும். பாதி வழியில் திசையைத் திருப்புவது கேடு. கோணல் தெரிந்தால் மெல்லக் கீழிறங்கி, மீண்டும் நேர்செய்து ஏறுவதே முறை. பலகை முடிந்து தளம் தொடங்கும் விளிம்பில் உருளை சட்டென முன்புறம் சாய்ந்து தளத்தில் அமரும். அவ்விடத்தில் வேகம் மிகக் குறைந்திருக்கவேண்டும்.

உருளை கவிழ்வதுபோல் தோன்றினால் ஓட்டுநரின் மனம் உடனே குதிக்கத் தூண்டும். ஆனால் குதிப்பவர்மேலேயே பொறி விழுந்து நசுக்கிவிடும். தலைக்குமேல் வலிய காப்புச் சட்டம் உடைய உருளையில், இருக்கைப் பட்டையை அணிந்து இருந்த இடத்திலேயே இருப்பவர் பிழைக்க வாய்ப்பு மிகுதி. பட்டை அணியாதவருக்கு அச்சட்டத்தால் பயன் சிறிதே.

ஓட்டுநருக்குச் சைகை காட்டுபவர் ஒருவரே. நால்வர் நான்கு திசையிலிருந்து கூவினால் அவர் எதனைக் கேட்பார்? "ஐலசா" என்று பாடிப் பாரம் இழுத்த தொழிலாளரிடையேயும் முன்குரல் ஒன்றாகவே இருந்தது. சைகை காட்டுபவர் ஓட்டுநரின் கண்ணுக்குத் தெரியுமாறு பக்கவாட்டில் விலகி நிற்பார். அவர் மறைந்தால் ஓட்டுநர் உருளையை நிறுத்திவிடுவார்.

ஏறியபின் உருளையின் நடுமூட்டைப் பூட்டி, நான்கு மூலைகளிலும் சங்கிலியிட்டு இறுக்குவர். லாரி திடீரென நின்றாலும், கட்டப்படாத பாரம் நிலைமத்தால் முன்னோக்கியே செல்லும். சில கிலோமீட்டர் சென்றதும் வண்டியை நிறுத்திச் சங்கிலிகளை மீண்டும் பார்ப்பது வழக்கம். குலுக்கத்தால் அவை தளர்ந்திருக்கும்.

இறக்கும்போது பலர் இத்துணைக் கருத்துடன் இருப்பதில்லை. ஊர் வந்துவிட்டது என்ற மகிழ்ச்சியில் சங்கிலியை முதலில் அவிழ்த்துவிடுகின்றனர். பயணத்தில் லாரி சரிவான இடத்தில் நின்றிருக்கலாம். உருளையும் சிறிது நகர்ந்து சங்கிலியின் வலிமையால் மட்டுமே நின்றுகொண்டிருக்கலாம். எனவே, லாரியைச் சமதரைக்குக் கொணர்ந்து, அதன் சக்கரங்களுக்கும் உருளைக்கும் ஆப்பிட்டு, வாலுக்கு முட்டுக்கொடுத்து, ஆட்களை விலக்கிய பின்னரே முதற்சங்கிலியில் கைவைக்கவேண்டும்.